பாதையில்லாப் பாதைக்கு ஒரு வண்டி: டிஃப் லாக்கும் பெரிய டயரும்

கரடுமுரடான இடங்களில் ஓட்டுவதற்காக ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மாற்றியமைப்பவர்கள் முதலில் நினைப்பது இரண்டு வேலைகளை. ஒன்று, பெரிய டயர் போடுவது. மற்றொன்று, டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் பொருத்துவது. டயர் கண்ணுக்குத் தெரியும், வண்டிக்கு மிடுக்குத் தரும், அரை நாளில் மாட்டிவிடலாம். லாக்கரோ ஆக்சில் கூட்டுக்குள் மறைந்து கிடப்பது. பொருத்துவதற்கு நல்ல கைப்பழக்கமுள்ள மெக்கானிக் வேண்டும். அதனால் பலர் டயரில் தொடங்கி அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சேற்றிலும் பாறையிலும் வண்டிகள் எதனால் நின்றுபோகின்றன என்று பார்த்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு லாக்கரே முதலில் வர வேண்டியது.

அது ஏன் என்பதற்கு டிஃபரன்ஷியல் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. எவ்வளவு அதிகம் என்பதற்கும் வளைவு அகலமா குறுகலா என்பதற்கும் சம்பந்தமில்லை. இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலமும், வண்டி எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதுமே அதைத் தீர்மானிக்கின்றன. மாருதி சுசுகி ஜிம்னியில் அந்த அகலம் ஏறக்குறைய 1.4 மீட்டர். தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 2.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வண்டியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் சுற்றளவும் கிட்டத்தட்ட 2.2 மீட்டர்தான். ஆக, ஒவ்வொரு தெருமுனையிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருந்தால் அந்த ஒரு சுற்றை ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீர்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்புக்கு, நீராவி வண்டி ஒன்றுக்காக, 1827இல் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டிகளிலும் அடிப்படை அதுவே. பிராப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்து வரும் சுழற்சியைப் பினியன் வாங்கி கிரவுன் வீலுக்குத் தருகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் சிறிய ஸ்டார் பினியன்கள் இருக்கின்றன. அவை இரு பக்கத்து சைடு கியர்களோடும் பல் கோத்து நிற்கின்றன. நேராகப் போகும்போது கூண்டு முழுவதும் ஒன்றாகச் சுழலும். திரும்பும்போது ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் உருண்டு, ஒரு பக்கத்தில் குறைந்த சுற்றை மறு பக்கத்தில் கூட்டிக் கொடுக்கும்.

சாலையில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. சேற்றில் இதுவே வண்டியைக் கைவிடுகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் சுற்றுகளை எப்படி வேண்டுமானாலும் பகிரும். முறுக்கு விசையை மட்டும் இரு பக்கமும் சமமாகத்தான் பகிரும். இடது பின்சக்கரம் வழுக்கும் களிமண்ணில் நிற்கிறது, 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் அதனால் தாங்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். வலது சக்கரம் கெட்டியான தரையில் இருந்தாலும் அதற்கும் கிடைப்பது அதே 200தான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இடது சக்கரம் வேகமாகச் சுற்றுமே தவிர வலது சக்கரத்துக்கு ஒரு துளி கூடுதலாகப் போகாது. இடது சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் இரண்டுக்கும் கிடைப்பது ஏறக்குறைய பூஜ்யம்.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருந்தால் இது நேராது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியல்ல. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான பிரிவை டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டுகிறது. ஒவ்வோர் ஆக்சிலிலும் இடது வலது பிரிவு திறந்தேதான் இருக்கிறது. குழியில் வண்டி கோணலாக இறங்கி, முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்மூலைச் சக்கரமும் காற்றில் தூக்கிக்கொண்டால், மற்ற இரண்டும் கெட்டித் தரையில் இருந்தும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி அசையாமல் நிற்கும். லாக்கர் தீர்த்து வைப்பது இந்த நிலையைத்தான். அது சைடு கியர் ஒன்றைக் கூண்டோடு பிணைத்துவிடுகிறது. ஸ்டார் பினியன்கள் உருள முடியாமல் போக, இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகியவைபோல் சேர்ந்து சுழலும். பிடிமானமுள்ள சக்கரம் தன்னால் தாங்க முடிந்த அளவு விசையை வாங்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டு உழவர்களுக்கு இது புதிதல்ல. டிராக்டரில் ஓட்டுநரின் குதிகாலருகே இருக்கும் டிஃப் லாக் பெடல் இதே வேலையைத்தான் செய்கிறது. சேற்றுழவில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்து சுற்றத் தொடங்கினால் பெடலை மிதித்து வெளியேறுவதும், வரப்போரம் திரும்பும் முன் காலை எடுத்துவிடுவதும் அவர்களுக்கு இயல்பான பழக்கம். பூட்டியபடி திருப்பினால் என்ன உடையும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஜீப்புக்கு லாக்கர் பொருத்துபவருக்குத் தேவையான ஒழுக்கமும் இதுவே.

லாக்கர்களில் ஓட்டுநர் விருப்பப்படி பூட்டித் திறப்பவை ஒரு வகை, தாமாகவே இயங்குபவை மற்றொரு வகை. முதல் வகையில் பெயர்பெற்றது ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர். பானட்டுக்குள் ஒரு சிறு கம்ப்ரசர், அதிலிருந்து ஆக்சில் கூட்டுக்குள் ஒரு மெல்லிய காற்றுக் குழாய், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டதும் காற்றழுத்தம் ஒரு வளையத்தைத் தள்ளிப் பல் கோக்கச் செய்கிறது. அணைத்ததும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. இதே வேலையை மின்காந்தத்தால் செய்பவையும் உண்டு, கைநெம்புகோலால் செய்பவையும் உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் பின் ஆக்சில்கள் இரண்டுக்கும் நெம்புகோல் லாக்கர்கள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. திறந்திருக்கும்போது சாதாரண டிஃபரன்ஷியலாகவும் பூட்டும்போது முழுப் பூட்டாகவும் இருப்பதே இவ்வகையின் சிறப்பு. அன்றாடம் சாலையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

தானியங்கி வகையில் டெட்ராய்ட் லாக்கர் பழையது. அது எப்போதும் பூட்டியே இருக்கும். திரும்பும்போது வெளிச்சக்கரம் மட்டும் முந்திச் சுற்ற அனுமதிக்கும். அப்போது டக் டக்கென்று ஒலி வரும், ஸ்டீயரிங் கையில் லேசாக உதைக்கும். கம்பியோ காற்றோ சுவிட்சோ இல்லாததால் கெட்டுப்போக அதில் அதிகமில்லை. ஆனால் மழையில் நனைந்த சாலையில் குறைந்த வீல்பேஸ் கொண்ட வண்டியின் பின்பாகம் திடீரென விலகக்கூடும். மஹிந்திரா தார் வண்டியில் பயன்பட்ட ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக் வேறு விதம். இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டியதும் கூண்டுக்குள் உள்ள சிறு எடைகள் விரிந்து பூட்டைத் தூண்டுகின்றன. வண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பூட்டு விழாது. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுற்றிய பிறகுதான் அது விழிக்கும் என்பதால், பாறையில் அங்குலம் அங்குலமாக ஏறும்போது அந்தக் கணத்தில் வண்டி துள்ளும்.

ஜிம்னி போன்ற வண்டிகளில் லாக்கரே இல்லை. வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, அதன்மூலம் மறு சக்கரத்துக்கு விசை போகச் செய்கிறது கணினி. செலவில்லாத நல்ல வழி இது. பலருக்கு இதுவே போதும். ஆனால் இன்ஜின் தரும் விசையில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகக் கரைகிறது. நீண்ட மணல் ஏற்றத்திலும் ஆழமான சேற்றிலும் அது தடுமாறும். லாக்கர் வாங்கப் பணமில்லாதபோது ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. போட்டித் திடலைத் தாண்டாத வண்டிக்கு வேண்டுமானால் அது ஆகும். சாலையில் ஓடும் வண்டியில் செய்யவே கூடாது: ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், ஷாஃப்ட் முறுகும், ஈரச் சாலையில் வண்டி கைமீறும்.

லாக்கரின் விலையைவிட அதைப் பொருத்தும் கைதான் முக்கியம். டிஃபரன்ஷியல் கூண்டை மாற்றும்போது கிரவுன் வீலும் பினியனும் முன்பு உட்கார்ந்திருந்த இடம் கலைந்துவிடுகிறது. இரண்டின் பற்களுக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலான ஆக்சில்களில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து, மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் இதைச் சரிசெய்வார்கள். பிறகு பற்களில் வண்ணப் பசை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தடம் ஓரத்தில் விழுந்தால் மறுபடியும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் பொருத்திய லாக்கர், ஊளையிடும் ஆக்சிலாகத் திரும்பி வரும்; சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் தெறிக்கும்.

பயன்படுத்துவதிலும் சில விதிகள் உண்டு. சிக்கிய பிறகு பூட்டுவதைவிட, சிக்கும் இடத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, சக்கரங்கள் சுற்றாத நிலையில் பூட்டிவிட்டு நுழைவதே சரி. வேகமாகச் சுற்றும் சக்கரத்தோடு பூட்டைப் போட்டால் கோக்கும் பற்கள் சிதையும். தடையைத் தாண்டியதும் திறந்துவிட வேண்டும். முன் ஆக்சில் பூட்டு நேர்ப்பாதைக்கு மட்டுமே: அதைப் போட்டால் ஸ்டீயரிங் மரத்துப்போகும். முழுதாகத் திருப்பிய நிலையில் விசை கொடுத்தால் முதலில் உடைவது சக்கரத்தருகே உள்ள ஜாயிண்ட். பலரும் எதிர்பார்க்காத ஆபத்து ஒன்று ஈரமான பக்கச் சரிவில் இருக்கிறது. அங்கே பூட்டாத வண்டியில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது தரையைப் பற்றிக்கொண்டு வண்டி பள்ளத்தின் பக்கம் நழுவாமல் தாங்கும். பூட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் வழுக்கும்; பின்பாகம் முழுவதும் சரிவில் இறங்கும். அத்தகைய இடத்தில் பூட்டைத் திறந்து வைப்பதே உயிர் காக்கும்.

இனி டயர். பெரிய டயரின் தேவையை வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாத ஒரு காரணம் இருக்கிறது. ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற வண்டிகளில் ஆக்சில் என்பது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான கூடு. அதன் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கே வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். சஸ்பென்ஷனில் உயரமான ஸ்பிரிங் போட்டு 50 மில்லிமீட்டர் தூக்கினால் பாடியும் சேஸியும் உயரும். ஹவுசிங் முன்பிருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முட்டுவது அதுதான். அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது. அதிலும் கூடும் விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

கணக்கைப் பார்க்கலாம். டயர் எண்ணில் முதலில் வருவது மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசியில் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். மாற்றாகப் பலர் நாடும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733. வித்தியாசம் 40 மில்லிமீட்டர். ஹவுசிங் உயர்வது 20. ஒரு விரல் அகலம்தான். ஆனால் பாறைத் தடத்தில் முட்டுவதற்கும் கடப்பதற்கும் இடையே பல நேரம் இருப்பது அவ்வளவே. தவிர, விட்டம் கூடிய சக்கரம் படிபோல் நிற்கும் கல்லைக் குறைந்த கோணத்தில் சந்திக்கிறது. குழிகளில் குறைவாக இறங்குகிறது.

அதற்கு வண்டி கொடுக்கும் விலை பல இடங்களில் தெரியும். விட்டம் 5.8 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், அது 60 காட்டும்போது வண்டி 63.5 கிலோமீட்டரில் போகும். எல்லாக் கியர்களும் அதே சதவீதம் நீண்டுவிட்டதுபோல் ஆகும்: ஏற்றத்தில் இன்ஜின் திணறும், கிளட்ச் அதிகம் வேலை செய்யும். பிரேக்கின் முறுக்கு விசை மாறாமல் ஆரம் கூடுவதால் தரையில் கிடைக்கும் பிரேக் பிடிப்பும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கனமான டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் ஷாக் அப்சார்பர்களும் திணறும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதும் குழியில் சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் டயர் மட்கார்டில் உரசும். அப்போதுதான் சஸ்பென்ஷனைத் தூக்கும் தேவை எழுகிறது. தூக்கினால் பிரேக் ஹோஸ்கள் நீளம் போதாமல் இழுபடும், பிராப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடி அதிர்வு வரும், புவியீர்ப்பு மையம் உயர்ந்து வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். டயரை மட்டும் மாற்றுவதாகத் தொடங்கிய வேலை இப்படி அரை வண்டியை மாற்றுவதில் போய் நிற்கும். தொடக்கத்திலேயே ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் இதற்கு மருந்து. ஸ்பிரிங்கைத் தொடாமல், எங்கும் உரசாமல் பொருந்தும் அதிகபட்ச டயரே பெரும்பாலோருக்குப் போதும்.

இரண்டு மாற்றங்களும் ஒன்றாகச் சேரும்போது மூன்றாவது கணக்கு ஒன்று வருகிறது. பூட்டாத டிஃபரன்ஷியலில் ஓர் ஆக்சில் ஷாஃப்ட் தாங்க வேண்டியது மொத்த விசையில் பாதிக்கு மேல் போகாது. வழுக்கும் சக்கரமே ஒரு பாதுகாப்பு வால்வாக இருந்து உடையாமல் காக்கிறது. பூட்டிவிட்டால் ஒரு சக்கரம் காற்றில் இருக்கும்போது மறு பக்க ஷாஃப்ட் முழு விசையையும் தனியாக வாங்கும். அந்தச் சக்கரத்தில் இருப்பது பெரிய டயரானால், தரை எதிர்த்துத் திருப்பும் நெம்புகோல் கையும் நீண்டுவிடுகிறது. பழைய டயரோடும் பழைய டிஃபரன்ஷியலோடும் பல்லாண்டு உழைத்த ஷாஃப்ட், இரண்டையும் ஒருசேர மாற்றிய முதல் பாறையேற்றத்திலேயே முறியலாம்.

இதைத் தொழிற்சாலை எப்படிக் கையாண்டது என்பதற்கு 2003இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகான் நல்ல சான்று. முன் பின் இரண்டிலும் லாக்கர் கொடுத்த அந்த நிறுவனம் டயரை 245/75 ஆர்16 அளவோடு நிறுத்திக்கொண்டது. 2020இல் வந்த தாரின் 16 அங்குல ரிம் வகைகளிலும் இதே அளவுதான். ஆனால் ஜீப் நிறுவனம் ரூபிகானின் ஆக்சில்களை வலுவான டானா 44 வகைக்கு மாற்றியது, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சை 4:1 ஆக ஆழப்படுத்தியது, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தது. லாக்கர், மிதமான டயர், வலுவான ஷாஃப்ட், தாழ்ந்த கியர் என்ற இந்த வரிசை இன்றும் பின்பற்றத் தக்கது.

இன்னும் பெரிய டயருக்குப் போகிறவர் கிரவுன் வீல், பினியன் இணையையும் மாற்ற வேண்டும். 31 அங்குல டயரோடு 4.10 விகிதத்தில் ஓடிய வண்டிக்கு 35 அங்குல டயர் போட்டால், பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.63 வேண்டும். கிடைப்பவற்றில் அருகிலுள்ளவை 4.56, 4.88. மலையும் சுமையும் அதிகமானால் 4.88 நல்லது. முன், பின் இரண்டு ஆக்சில்களிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும்; மாறினால் ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகிக்கொண்டு உடையும். விகிதம் மாற்றுவதற்கும் லாக்கர் பொருத்துவதற்கும் அதே ஷிம், அதே டயல் கேஜ் வேலைதான் என்பதால் இரண்டையும் ஒரே தடவையில் செய்வது கூலியை மிச்சப்படுத்தும்.

டயரின் அளவைவிட அதிலுள்ள காற்று பெரிய வித்தியாசம் செய்யும் இடங்களும் உண்டு. மணலில் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால், தரையில் பதியும் தடம் நீண்டு, வண்டி புதையாமல் மேலே மிதக்கும். ஒரு ரூபாயும் செலவில்லாத இந்த வழியை முயலாமல் பெரிய டயர் வாங்குவதில் பொருளில்லை. சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி ஏற்றியாக வேண்டும். ஏர் லாக்கரின் கம்ப்ரசரில் சில வகைகள் அதற்கும் உதவும்.

இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு சட்ட எல்லை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. அதே மாடலின் வேறொரு வகைக்கு உற்பத்தியாளரே தரும் டயர் அளவுக்கு மாறுவது பாதுகாப்பான வழி. மட்கார்டைத் தாண்டி நீளும் டயரும் தூக்கிய சஸ்பென்ஷனும் சோதனையில் முதலில் கண்ணில் படுபவை. எந்த மாற்றமானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். லாக்கர் வேண்டும், தகராறு வேண்டாம் என்பவர் அது தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டியை வாங்குவது நல்லது.

பொருத்திய பின் பராமரிப்பு எளிது, ஆனால் தவறக்கூடாது. புதிய கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று பழகும் முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுப்பதைத் தவிர்த்து, அதன் முடிவில் கியர் ஆயிலை மாற்ற வேண்டும். வடியும் ஆயிலில் மெல்லிய உலோகத் தூள் இருப்பது இயல்பு; துண்டுகள் வந்தால் ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஆழமான நீரைக் கடந்த பின் ஆயில் பால்நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். லாக்கரை மாதம் ஒருமுறையாவது மண் தரையில் போட்டுத் திறப்பது, காற்றுக் குழாயின் கசிவும் சுவிட்சின் கோளாறும் காட்டுக்குப் போகும் முன்பே தெரிய உதவும்.